நடந்து பார்க்கும் மட்டக்களப்பு

அன்புள்ள எழுத்தாளருக்கு,

ஓகஸ்ட் விடுமுறையில் மகளையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு மட்டக்களப்புக்கு வரலாம் என்று இருக்கிறேன். வவுனியாவில் வெள்ளி இரவு பஸ் எடுத்து சனி விடியற்காலை இறங்கி, ஞாயிறு பின்னேரம் திரும்புவதாகத் திட்டம். மகள் உயர்தரத்துக்கு நாடகமும் அரங்கியலும் படிக்கிறாள். வாகனம் பிடித்து ஓடித் திரியாமல் நடந்தே பார்க்க வேண்டும் என்பது அவளின் விருப்பம். தேடிப் பார்த்தால் எல்லோரும் கோட்டை, பாடும் மீன், வெளிச்சவீடு என்று அதே மூன்றைத்தான் சொல்கிறார்கள். கூத்துக்குப் பேர்போன ஊரில் கூத்தை எந்த மண்டபத்தில் பார்ப்பது, ரிக்கெற் எவ்வளவு என்று எங்கேயும் இல்லை. அம்மாவுக்கு முழங்கால் வருத்தமும் உண்டு. எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்று சொல்லித் தருவீர்களா?

ச., வவுனியா

அன்புள்ள ச.,

உங்கள் திட்டத்தில் முதலில் மாற்ற வேண்டியது கிழமை. சனி, ஞாயிறில் நகரத்தின் பாதி பூட்டியிருக்கும். கோட்டைக்குள் நெடுங்காலம் கச்சேரி, அதாவது மாவட்டச் செயலகம், இயங்கியது. அது அரச வளாகம். வேலை நாளில் அலுவலக நேரத்தில் போய், வாசலில் நிற்கும் காவலரிடம் பார்க்க வந்ததாகச் சொல்லிவிட்டு உள்ளே நுழைவதுதான் வழி. பாடசாலை, நிறுவகம், பிரதேச செயலகம் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். வியாழன் விடிய இறங்கி, சனி காலை திரும்பும்படி பாருங்கள். நடுவில் போயா (பௌர்ணமி விடுமுறை) விழுகிறதா என்றும் நாட்காட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது நேரம். ஓகஸ்ட் என்றால் கச்சான் வீசும் காலம். மேற்கிலிருந்து வரும் அந்த வறண்ட காற்று பகல் 11 மணிக்குப் பிறகு நடப்பவரை வாட்டி எடுத்துவிடும். காலை 6 முதல் 10 வரை ஒரு நடை, பின்னேரம் 4 முதல் இருட்டும் வரை ஒரு நடை. இடைப்பட்ட நேரத்தில் சாப்பிட்டுப் படுங்கள். மத்தியானத்தில் எதையாவது பார்த்து முடிக்கலாம் என்று கிளம்புகிறவர்கள் இரண்டாம் நாள் அறையை விட்டு வெளியே வருவதில்லை.

முதல் நாள் காலை நடையைக் காந்தி பூங்காவில், மட்டக்களப்பு வாயில் என்று சொல்லும் வளைவடியில் தொடங்குங்கள். அந்த நேரத்தில் வாவியில் தோணிகளும் வீச்சுவலைக்காரரும் நிற்பார்கள். 1814 இல் மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் இந்த ஊருக்கு வந்தார். அடுத்த ஆண்டே காலமானார். அதற்குள் அவர் போட்ட அத்திவாரத்தில் வளர்ந்ததுதான் மெதடிஸ்த மத்திய கல்லூரி. அவரின் சிலையையும் பார்த்துவிட்டுப் புளியந்தீவுக்குள் போங்கள்.

புளியந்தீவு சிறிய தீவு. நின்று நின்று பார்த்தாலும் இரண்டு மணித்தியாலத்தில் சுற்றி முடிக்கலாம். ஆனைப்பந்திப் பிள்ளையார் கோயில், புனித மரியாள் பேராலயம், 1873 இல் தொடங்கிய புனித மிக்கேல் கல்லூரி எல்லாம் ஒன்றுக்கொன்று நடை தூரத்தில்தான். வரிசை வைத்து நடக்கத் தேவையில்லை. குறுக்கு வீதிகளில் திரும்பித் திரும்பிப் போனாலே எல்லாம் எதிர்ப்படும். பேராலயத்துக்குள் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வாருங்கள். 2005 நத்தார் ஆராதனையின்போது நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டது அங்கேதான். மகளுக்கு இதையும் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

கோட்டைக்கு அலுவலகம் திறந்த பிறகு போங்கள். 1628 இல் போர்த்துக்கேயர் கட்டியது. 1638 இல் இரண்டாம் இராஜசிங்கனோடு சேர்ந்து ஒல்லாந்தர் பிடித்தார்கள். இலங்கையில் போர்த்துக்கேயர் ஒல்லாந்தரிடம் இழந்த முதற்கோட்டை இதுதான். உள்ளே போனதும் பலருக்கு ஏமாற்றம் வரும். கோப்பும் மேசையுமாக இருந்த கட்டடங்களே கண்ணுக்குத் தெரியும். அவற்றை விட்டுவிட்டு மதிலைப் பாருங்கள். இரண்டு பக்கம் வாவி, இரண்டு பக்கம் அகழி, மூலைகளில் கொத்தளம், மேலே பீரங்கிகள். அந்த மூலையில் ஏன் கட்டினார்கள் என்பது உள்ளே நின்றால் விளங்காது. வாவிக்கு அக்கரையில் நின்று பார்த்தால், நீருக்குள்ளிருந்து எழும் மதிலும், தோணி எந்தப் பக்கம் வந்தாலும் பீரங்கிக்குத் தப்ப முடியாது என்பதும் ஒரே பார்வையில் தெரியும். ஆகவே அக்கரையில் 10 நிமிடம், உள்ளே 30 நிமிடம். அதற்கு மேல் தேவையில்லை.

இனி கூத்து. உங்கள் கேள்வியின் நடுப்பகுதி இதுதான். மண்டபமும் ரிக்கெற்றும் தேடினீர்கள். இரண்டும் இல்லை. மட்டக்களப்பின் கலைகள் கட்டடத்தில் குடியிருப்பவை அல்ல. மாதத்திலும் திதியிலும் இரவிலும் இருப்பவை. வரைபடத்தோடு பஞ்சாங்கத்தையும் கையில் எடுத்துக்கொண்டு வருகிறவருக்கே அவை கிடைக்கும்.

பெரும்போக அறுவடை முடிந்து மாரி மழை தொடங்கும் வரையிலான காலம்தான் கூத்துக்கு உரியது. நகரத்தை விட, வாவிக்கு மேற்கே படுவான்கரைக் கிராமங்களில்தான் அதிகம்: கன்னன்குடா, முனைக்காடு, மகிழடித்தீவு. எந்த ஊரில் எப்போது அரங்கேற்றம் என்று அறிய நம்பகமான வழி, மண்முனை மேற்கு (வவுணதீவு), மண்முனை தென்மேற்கு (பட்டிப்பளை) பிரதேச செயலகங்களில் இருக்கும் கலாசார உத்தியோகத்தர்களிடம் தொலைபேசியில் கேட்பது. புறப்படுவதற்கு ஒரு மாதம் முன்பே கேளுங்கள். அவர்களுக்குத் தெரியாவிட்டால் ஊர்க் கோயிலை நிருவகிக்கும் வண்ணக்கரைக் கேட்டால், கூத்துப் பழக்கும் அண்ணாவியார் யார் என்று சொல்லுவார். அண்ணாவியாரிடம் போய்விட்டால் எல்லாத் திகதியும் கிடைக்கும்.

அரங்கேற்றம் மட்டும்தான் பார்க்க வேண்டியது என்று நினைக்க வேண்டாம். ஒரு கூத்து பல மாதம் பழகப்படும். முதலில் சட்டம் கொடுத்தல்: யாருக்கு எந்தப் பாத்திரம் என்று முடிவு செய்து பாட்டை ஒப்படைப்பது. ஆட்டம் கால்களில் படிந்த பிறகு சதங்கை அணிதல். பிறகு அடுக்குப் பார்த்தல் என்கிற ஒத்திகை, அதற்குப் பிறகே உடுப்போடு அரங்கேற்றம். உங்கள் மகளுக்குச் சதங்கை அணியும் இரவு கிடைத்தால் அரங்கேற்றத்தை விடவும் நல்லது என்பேன். உடுப்பும் முடியும் இல்லாமல், சாரத்தோடு ஆடுகிறவரின் கால் அப்படியே தெரியும். தாளக்கட்டு மத்தளத்திலிருந்து காலுக்கு எப்படி இறங்குகிறது, பிழைத்தால் அண்ணாவியார் எந்த இடத்தில் நிறுத்துகிறார் என்பதையெல்லாம் அன்றைக்குத்தான் பார்க்கலாம்.

கூத்தில் வடமோடி, தென்மோடி என்று இரண்டு பாணி உண்டு. எது என்று போகுமுன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வடமோடியில் பெரும்பாலும் பாரத, இராமாயணக் கதைகள், போர் வரும். வளையம் வைத்து விரிந்த கரப்புடுப்பும், மரத்தில் செதுக்கிக் கண்ணாடி பதித்த முடியும், தோளில் அணியும் புயமும் கனமானவை. அந்தக் கனத்தைச் சுமந்துகொண்டு ஆடுவதால் ஆட்டத்தில் வேகத்தோடு ஒரு அமுக்கமும் சேரும். தென்மோடியில் உடுப்பு இலேசு, ஆட்டம் நுணுக்கம், பாட்டு இழுத்துப் பாடப்படும். பாடப்புத்தகத்தில் அட்டவணையாகப் படித்த வேறுபாட்டை, ஒரே பாத்திரத்தை இரவு முழுக்கக் கண்ணால் தொடர்ந்தால் மகள் தானே கண்டுபிடிப்பாள். எல்லாரையும் பார்க்கப் போனால் யாரையும் பார்க்க முடியாது.

கூத்து ஆடும் களரி வட்டமானது, மண்ணை உயர்த்திப் போட்டது. அண்ணாவியாரும் தாளக்காரரும் ஏடு பார்ப்பவரும் பக்கப்பாட்டுக்காரரும் களரிக்குள்ளேயே நிற்பார்கள். சனம் சுற்றிவர இருக்கும். மத்தளத்துக்கு அருகாகவும், ஒலிபெருக்கிப் பெட்டிக்கு விலகியும் இடம் பிடியுங்கள். ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு முறை இடம் மாறுங்கள். எல்லாப் பக்கமும் முன்பக்கமாக இருக்க வேண்டிய அரங்கு இது. இன்றைக்கு அதைக் கெடுப்பது மைக். பாட்டு எல்லாருக்கும் கேட்க வேண்டுமென்று ஓரிடத்தில் மைக்கை நட்டுவிட்டால், ஆடுகிறவர் பாட வேண்டிய ஒவ்வொரு தடவையும் அங்கே ஓடி வந்து நிற்பார். வட்டம் உடைந்து வரிசையாகும். நட்ட மைக்கைத் தவிர்த்து நடத்தும் கூத்து என்று கேள்விப்பட்டால் எத்தனை தூரமென்றாலும் போகலாம்.

இரவு 9, 10 மணிக்குத் தொடங்கி விடியும் வரை போகும். காப்புப் பாட்டு, வரப்போகிறவரை அறிவிக்கும் கட்டியகாரன், பாத்திரங்கள் ஒவ்வொருவராக வரவு என்று முதற்பகுதி மெதுவாகவே நகரும். வெளியூர்க்காரர் பலர் 12 மணிக்கு எழுந்து போய்விடுவார்கள். கதை சூடு பிடிப்பது அதற்குப் பிறகுதான். பின்னேரம் நித்திரை கொண்டுவிட்டு, பாய், தண்ணீர், பனிக்கு ஒரு போர்வையோடு போங்கள். செருப்போடு களரியில் ஏற வேண்டாம். வரவின்போது கமெராவின் மின்னொளியை அணைத்து வையுங்கள். இந்த ஒரு பயணத்துக்கு மட்டும் நடை உதவாது. ஓட்டோக்காரரை விடிய 5.30க்குத் திரும்பி வரும்படி முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

கூத்து கிடைக்காவிட்டாலும் மகள் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதில்லை. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் கர்ணன் போர், இராவணேசன் முதலியவற்றை மேடைக்கென்று சுருக்கி அமைத்தார். அந்த அளிக்கைகளில் ஆடிய சி. மௌனகுரு பின்னாளில் மட்டக்களப்பிலேயே அரங்க ஆய்வுகூடத்தை நடத்தினார். இன்னொரு பக்கம் சி. ஜெயசங்கரும் மூன்றாவது கண் குழுவினரும், கூத்தை மேடைக்குக் கொண்டுவராமல் சீலாமுனை ஊரின் களரியிலேயே வைத்து ஊராரோடு சேர்ந்து மீளுருவாக்கம் செய்தார்கள். பரீட்சையில் இரண்டு பத்தியில் எழுதும் விவாதம், இந்த ஊரில் ஆட்களாக நடமாடுகிறது. கல்லடியில் உள்ள சுவாமி விபுலானந்தா அழகியற் கற்கைகள் நிறுவகத்துக்கு வேலை நாளில் போய், எந்த மாணவர் அளிக்கை, எந்தக் கண்காட்சி நடக்கிறதென்று கேளுங்கள்.

அங்கே போவதுதான் இரண்டாம் நாள் பின்னேர நடை. நகரிலிருந்து லேடி மெனிங் டிரைவ் வழியாக வாவியை ஒட்டிக்கொண்டே கல்லடிப் பாலத்துக்கு ஏறத்தாழ அரை மணி நடை. 1924 இல் கட்டிய பழைய இரும்புப் பாலத்தால் ஏறுங்கள். 2013 இல் புதுப்பாலம் வந்த பிறகு பெரிய வாகனங்கள் அதற்கு மாறிவிட்டன. அக்கரையில் சிவானந்தா வித்தியாலயத்தை அண்டி விபுலானந்தரின் சமாதி. காரைதீவில் 1892 இல் பிறந்தவர். யாழ் நூல் வெளிவந்த 1947 ஆம் ஆண்டிலேயே மறைந்தார். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைத் திறவுகோலாக வைத்துப் பழைய யாழ்களைக் கணக்கிட்டு மீட்டெடுத்த நூல் அது. கண்ணகியைத் தெய்வமாகக் கும்பிடும் மண்ணிலிருந்து போன ஒருவர் அந்த வேலையைச் செய்தார் என்பதை மகளுக்குச் சமாதியடியில் வைத்துச் சொல்லுங்கள். செட்டிபாளையம், எருவில் போன்ற ஊர்களின் கண்ணகி கோயில்கள் ஆண்டில் சில நாட்களே கதவு திறக்கும். வைகாசியில் குளிர்த்திச் சடங்கோடு அடைப்பார்கள். ஓகஸ்டில் வந்தால் அது கிடைக்காது. இன்னொரு வைகாசியில் அதற்கென்றே வாருங்கள். ஓகஸ்டில் ஆடி அமாவாசை அமைந்தால் அமிர்தகழி மாமாங்கக் கோயில் தீர்த்தத்தைத் தவற விடாதீர்கள். அதற்கு முந்திய திருவிழா நாட்களில் கோயில் வீதியில் நடையே சுலபம்.

பாடும் மீன் பற்றிச் சுருக்கமாக: வாவிக்குள்ளிருந்து கேட்கும் ஒலியைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். பாலத்தில் நின்றால் கேட்பது வாகனச் சத்தம்தான். வறண்ட மாதங்களின் நிலவு இரவில், அலை அடங்கிய பிறகு தோணியில் போய், துடுப்பின் அலகை நீரில் விட்டுக் கைப்பிடி முனையைக் காதில் வைத்துக் கேட்க வேண்டும். லாங் அடிகளார் 1954 இல் அந்த ஒலியைப் பதிவு செய்திருக்கிறார். ஊரிச் சிப்பிதான் பாடுகிறது என்பார் பலர். கேட்கும் என்ற உறுதியோடு போக வேண்டாம். 1913 இல் கட்டிய பாலமீன்மடு வெளிச்சவீட்டுக்குப் பார் வீதியால் சுமார் 5 கிலோமீற்றர், ஓட்டோவில் போங்கள். காத்தான்குடிக்குப் பஸ் அடிக்கடி உண்டு. அங்கே பள்ளிவாசல்களையும் பூர்வீக நூதனசாலையையும் பார்த்து, மஸ்கட் இனிப்பு வாங்கிக்கொண்டு வரலாம்.

போர்த்துக்கேய, ஒல்லாந்த வழிவந்த பறங்கியரின் கப்ரிஞ்ஞா ஆட்டம் கல்யாண வீடுகளில்தான் உயிரோடு இருக்கிறது. பார்வையாளருக்கென்று ஆடுவது அரிது. கடலோர டச்பாரில் இருந்த பறங்கிக் குடும்பங்கள் பலவற்றை 2004 ஆழிப்பேரலை கொண்டுபோய்விட்டது. யாராவது அழைத்தால் தட்டாமல் போங்கள்.

அம்மாவுக்குக் காலை நடையில் காந்தி பூங்காவும் பேராலயமும் கோட்டை வாசலும் போதும், எல்லாம் சமதரை. கோட்டை மதிலில் ஏற வேண்டாம், படி கரடுமுரடு. கல்லடிக்கு நீங்களும் மகளும் நடந்து வர, அவரைப் பழைய பாலத்தின் அக்கரை முனைக்கு ஓட்டோவில் வரச் சொல்லுங்கள். களரிக்கும் அவரைக் கூட்டிப் போங்கள். பாயில் காலை மடக்க முடியாதென்று ஒரு பிளாஸ்ரிக் கதிரை கேட்டால் பக்கத்து வீட்டிலிருந்து கொண்டுவந்து போடுவார்கள். பின்னால் இருப்பவருக்கு மறைக்காதபடி ஓரமாகப் போட்டுக்கொள்ளுங்கள்.