செஞ்சிக்குப் போகிறீர்களா? முதலில் மலை, மற்றதெல்லாம் அப்புறம்

செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியதிலிருந்து வாசகர்கள் அதைப் பற்றி நிறையக் கேட்கிறார்கள். அவற்றில் சில கேள்விகளும் பதில்களும் இங்கே.

கே: காலை பத்து மணிக்குச் செஞ்சி போய்ச் சேர்வோம். மாலைக்குள் கோட்டை முழுவதும் பார்த்துவிட முடியுமா? (வேலூர் வாசகி)

முடியாது. கோட்டை ஒன்று என்று பேர்தானே தவிர, மூன்று மலைகளும் அவற்றைச் சேர்த்துக் கட்டும் மதிலும் சேர்ந்ததுதான் அது. மதிலின் நீளம் சுமார் 13 கிலோமீட்டர். திருவண்ணாமலை சாலை அதன் நடுவே போகிறது. சாலைக்குத் தெற்கே ராஜகிரி, வடக்கே கிருஷ்ணகிரி. ஊர்க்காரர்கள் வாயில் ராஜா கோட்டை, ராணிக் கோட்டை. மூன்றாவதான சந்திரகிரியில் முள்ளும் புதரும்தான், அதை விட்டுவிடுங்கள்.

ராஜகிரி ஏற ஒன்றரை மணி நேரம், மேலே சுற்ற முக்கால் மணி, இறங்க ஒரு மணி. பலரும் செய்யும் தவறு, அடிவாரத்தில் கல்யாண மகாலையும் களஞ்சியத்தையும் ஆற அமரப் பார்த்துப் படம் பிடித்துவிட்டு, பதினொன்றரைக்கு மலையில் கால் வைப்பது. அதற்குள் பாறை சுட ஆரம்பித்திருக்கும். மலை முழுக்கக் கருங்கல் குண்டுப் பாறைகள். வாங்கிய வெயிலை மாலை வரை திருப்பித் தந்துகொண்டே இருக்கும். பாதி வழியில் திரும்புகிறவர்களில் பெரும்பாலானோர் கால் வலியால் திரும்புவதில்லை, வெக்கை தாங்காமல் திரும்புகிறார்கள். பிற்பகலானால் மேலே ஏற விடமாட்டார்கள் என்பதும் நினைவிருக்கட்டும்.

ஆகவே வாசல் திறக்கும்போதே அங்கே நில்லுங்கள். நேரே ராஜகிரி. இறங்கி வந்து நிழலாக இருக்கும் அடிவாரக் கட்டடங்கள். சாப்பாட்டுக்குப் பிறகு தெம்பிருந்தால் ராணிக் கோட்டை. அது உயரம் குறைவு. எண்ணெய்க் கிணறு, நெய்க் கிணறு என்று அழைக்கப்படும் குழிகளும், வளைவுகளோடு கூடிய தர்பார் மண்டபமும் அங்கே இருக்கின்றன. நுழைவுச் சீட்டைக் கசக்கி எறியாதீர்கள், சாலைக்கு அந்தப் பக்கமும் கேட்பார்கள். 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குச் சீட்டு வேண்டாம்.

கே: ராஜகிரி ஏறுவது எவ்வளவு கஷ்டம்? என்னென்ன எடுத்துப் போக வேண்டும்? (கும்பகோணம் வாசகர்)

உயரம் ஏறக்குறைய 240 மீட்டர். ஆயிரத்துக்கு மேல் படிகள். எண்ணிக்கை பயமுறுத்த வேண்டாம். சிக்கல் படிகளின் அளவில்தான். ஒரு படி முழ உயரம் இருக்கும், அடுத்தது நாலு விரல்தான் இருக்கும். கால் ஒரு தாளத்துக்குப் பழக முடியாது. ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போது முட்டி கேட்கும். உயரப் படிகளில் நேராகக் குதித்து இறங்காமல் பக்கவாட்டில் திரும்பி, ஒரு கையை மதிலில் ஊன்றி இறங்குங்கள்.

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் கட்டாயம். மேலே கடை கிடையாது; சுனைத் தண்ணீர் குடிக்க ஏற்றதல்ல. கூடவே உப்புப் போட்ட மோர் ஒரு பாட்டில், தொப்பி, பிடிமானமுள்ள காலணி. வழவழப்பான செருப்போடு மழைக்காலத்தில் ஏறவே கூடாது. ஐப்பசி, கார்த்திகையில் படிகளில் பாசி படிந்திருக்கும். மார்கழி, தை, மாசி மாதங்கள் தோதானவை.

குரங்குகள் உண்டு. அவற்றுக்குப் பழத்தின் வாசனையைவிட பிளாஸ்டிக் பையின் சரசரப்புச் சத்தம் நன்றாகத் தெரியும். கையில் பை தொங்கினால் அது உங்களுடையது இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் முதுகுப் பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடிவிடுங்கள்.

வழியில் கமலக்கண்ணி அம்மன் கோயில் வரும். உச்சிக்குச் சற்றுக் கீழே பாறை இரண்டாகப் பிளந்து ஒரு பள்ளம். அதன் மேல் ஒரு சிறு பாலம். அந்தக் காலத்தில் அது இழுத்துக்கொள்ளக்கூடிய மரப்பாலம்; எதிரி வந்தால் எடுத்துவிடுவார்கள். அந்த இடத்தில் ஐந்து நிமிஷம் நின்று கீழே பாருங்கள். கோட்டையின் மொத்த சூட்சுமமும் அந்தப் பிளவில்தான் இருக்கிறது. அதைத் தாண்டினால் ரங்கநாதர் கோயில், களஞ்சியம், கஜானா, மணிக்கூண்டு, ஒரு பீரங்கி.

கே: இந்தக் கோட்டையைப் பிடிக்க முகலாயப் படைக்கு எட்டு வருஷம் ஆனது என்கிறார்களே, உண்மையா? (மதுரை மாணவர்)

உண்மை. சிவாஜி 1677இல் செஞ்சியைக் கைப்பற்றி மதில்களைப் பலப்படுத்தினார். அவர் மகன் ராஜாராம் மகாராஷ்டிரத்திலிருந்து தப்பி இங்கே வந்து சேர, தளபதி சுல்பிகர் கானை ஔரங்கசீப் அனுப்பினார். 1690இல் தொடங்கிய முற்றுகை 1698இல்தான் முடிந்தது. அதற்குள் ராஜாராம் வெளியேறிவிட்டார்.

ஏன் இவ்வளவு காலம்? முதல் காரணம் பரப்பு. மூன்று மலைகளையும் ஒரு சேர வளைத்து அடைக்க எத்தனை ஆள் இருந்தாலும் போதாது. ஒரு பக்கம் அடைத்தால் மறு பக்கம் வழி திறந்திருக்கும். இரண்டாவது, உள்ளே இருந்த களஞ்சியங்கள். ராஜகிரி அடிவாரத்துக் களஞ்சியத்துக்குள் போய்ச் சுவரின் கனத்தைப் பாருங்கள், எவ்வளவு நெல் கொள்ளும் என்று உங்களுக்கே புரியும். மூன்றாவது, உள்ளே இருந்தவர்களைவிட வெளியே இருந்தவர்களுக்குத்தான் சோற்றுக் கஷ்டம். மராட்டியத் தளபதிகள் சந்தாஜி கோர்படே, தனாஜி ஜாதவ் ஆகியோரின் குதிரைப்படை வெளியிலிருந்து தாக்கி முகலாயரின் தானிய வண்டிகளை மறித்தது. ஒரு கட்டத்தில் முற்றுகையையே விலக்கிக்கொள்ள வேண்டி வந்தது.

யுனெஸ்கோ பட்டியலில் செஞ்சி 'மராட்டிய ராணுவ நிலப்பரப்புகள்' என்ற தலைப்பில் 12 கோட்டைகளில் ஒன்றாகச் சேர்ந்திருப்பதும் இந்தத் தொடர்பால்தான். மற்ற 11 கோட்டைகளும் மகாராஷ்டிரத்தில் உள்ளவை.

கே: அம்மாவுக்கு எழுபது வயது, முட்டி வலி. மலை ஏற முடியாது. அவர் வந்து பயனுண்டா? (சேலம் வாசகி)

தாராளமாக அழைத்து வாருங்கள். தரைமட்டத்தில் பார்க்கவே அரை நாள் வேலை இருக்கிறது. கல்யாண மகால் நடு முற்றத்தோடு, அடுக்கடுக்காக மேலே குறுகிப் போகும் கோபுரக் கட்டடம். சுடுமண் குழாய் வழியாக இதற்குத் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறார்கள். உள்படிகள் குறுகல், அம்மாவை முற்றத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பக்கத்தில் யானைக்குளம், உடற்பயிற்சிக் கூடம், களஞ்சியம்.

கிழக்கே புதுச்சேரி வாசல் பக்கம் வேங்கடரமணர் கோயில் இருக்கிறது. கோபுர வாசலின் உட்சுவரில் பாற்கடல் கடைவதும் ராமாயணக் காட்சிகளும் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்க வேண்டிய வேலைப்பாடு. இந்தக் கோயிலின் தூண்களைப் பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்கு எடுத்துப் போனார்கள். கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்பவை செஞ்சித் தூண்கள்தான். சாதத்துல்லா கான் பள்ளிவாசலும் தரைமட்டத்திலேயே இருக்கிறது.

கே: தேசிங்கு ராஜா நிஜமாகவே இருந்தாரா? (நெய்வேலி வாசகர்)

இருந்தார். பெயர் தேஜ் சிங், புந்தேல ராஜபுத்திரர். அப்பா சொரூப் சிங் செஞ்சியின் கோட்டைத் தலைவர். கப்பப் பாக்கித் தகராறில் தேசிங்கு, ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானோடு மோதி 1714இல் இறந்தார். தெருக்கூத்தில் ஆடுகிற கதைக்கு வயது அதற்குப் பிறகுதான். அவர் உடலுக்கு எரியூட்டிய இடமாகச் செட்டிக்குளக் கரையைக் காட்டுவார்கள். உடன்கட்டை ஏறிய ராணியின் பெயரால்தான் ராணிப்பேட்டை வந்தது என்பது வழக்கு.

கே: கோட்டை தவிர சுற்றுவட்டாரத்தில் என்ன பார்க்கலாம்? எங்களுக்குக் கல்வெட்டு, சிற்பத்தில் ஆர்வம். (திருநெல்வேலி ஆசிரியை)

அப்படியானால் இரண்டாம் நாள் உங்களுக்குத்தான். முதலில் வடக்கே மூன்று கிலோமீட்டரில் சிங்கவரம். குன்றைக் குடைந்து அதே பாறையில் வடித்த பள்ளிகொண்ட பெருமாள். வெளிச்சம் குறைவு, கண் பழகக் கொஞ்ச நேரம் கொடுங்கள்.

அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் திருநாதர் குன்று. பெரும்பாலான சுற்றுலாக்காரர்கள் இதைத் தவறவிடுகிறார்கள், நீங்கள் விடக்கூடாது. ஒரு பெரிய பாறை முகப்பில் இரண்டு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டாக 24 சமணத் தீர்த்தங்கரர்கள். இதே குன்றில், 57 நாள் உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நினைவுக் கல்வெட்டு இருக்கிறது. 'ஐம்பத்தேழு' என்று தொடங்கும் அதன் முதல் எழுத்துத்தான் தமிழில் 'ஐ' என்ற உயிரெழுத்துக்கு நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சான்றுகளில் ஒன்று. வகுப்பில் கரும்பலகையில் 'ஐ' எழுதும் உங்களுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் ஏது! எழுத்து மங்கல், காலை அல்லது மாலைச் சாய்வெயிலில் பார்த்தால் குழிவில் நிழல் விழுந்து தெரியும், உச்சி வெயிலில் வெறும் பாறைதான் தெரியும். சுண்ணாம்பு, மாவு எதையும் தடவாதீர்கள், கல் அரிக்கும்.

விழுப்புரம் சாலையில் மண்டகப்பட்டு. செங்கல், மரம், உலோகம், சுதை எதுவும் இல்லாமல் பிரம்மா, சிவன், விஷ்ணு மூவருக்கும் கோயில் எடுத்தேன் என்று முதலாம் மகேந்திரவர்மன் பொறித்துவைத்த குடைவரை அது. மூன்று கருவறைகளும் காலி. இரு பக்கமும் நிற்கும் வாயிற்காவலர்கள்தான் அழகு. தூணைக் கவனியுங்கள்: மேலும் கீழும் சதுரம், நடுவில் எட்டுப் பட்டை.

பனமலையில் ராஜசிம்மன் கட்டிய தாளகிரீசுவரர் கோயில், அதில் பல்லவர் கால ஓவியமாக முடி தரித்த உமை. பூட்டியிருந்தால் பயணமே வீண் என்பதால் காலைப் பூசை நேரத்தில் போங்கள். கிழக்கே மேல்சித்தாமூர், தமிழ்ச் சமணர்களின் மடம் இருக்கும் ஊர்.

கே: ரயிலில் வரலாமா? (கோவை வாசகர்)

செஞ்சிக்கு ரயில் இல்லை. திண்டிவனத்தில் இறங்கினால் 28 கிலோமீட்டர், திருவண்ணாமலை போகும் பேருந்துகள் அடிக்கடி உண்டு. விழுப்புரத்திலிருந்தும் பேருந்து வரும். கோட்டை, பேருந்து நிலையத்திலிருந்து மேற்கே இரண்டு கிலோமீட்டர். ஆட்டோவில் ஏறும்போதே ராஜா கோட்டை வாசல் என்று சொல்லிவிடுங்கள். சிங்கவரம், திருநாதர் குன்று இரண்டுக்கும் சேர்த்து ஆட்டோ பேசி, காத்திருக்கும் நேரத்தையும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

அமாவாசை அன்று மட்டும் இந்தப் பக்கம் வராதீர்கள். மேல்மலையனூர் அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவத்துக்குப் போகும் கூட்டத்தில் பேருந்தும் கிடைக்காது, அறையும் கிடைக்காது. அந்த உற்சவத்துக்கே வருவதானால் பகலில் ராஜகிரி ஏறாதீர்கள். ஊஞ்சல் நள்ளிரவில், கால் கடுக்க நிற்க வேண்டியிருக்கும்.