கர்னலுக்குள் போன ‘5,000’ ஏன் 5 ஆனது?

கேள்வி: அம்பத்தூர் தொழிற்பேட்டையில் குளிர்பதன அறைகளுக்கான கட்டுப்பாட்டுக் கருவி தயாரிக்கிறோம். உள்ளே ஓடுவது லினக்ஸ்; அதன் மையப்பகுதிக்குக் கர்னல் என்று பெயர். எத்தனை மில்லிநொடிக்கு ஒருமுறை வெப்பநிலையை அளக்க வேண்டும் என்று திரையில் தட்டினால், அந்த எண் ‘ப்ராக்’ கோப்பு (கர்னலோடு பேச லினக்ஸ் தரும் வழி) ஒன்றின் வழியாக, கர்னலுக்குள் ஓடும் எங்கள் டிரைவருக்குப் போகும். ஒரு வாடிக்கையாளரின் ஊழியர் 5,000 என்று காற்புள்ளியோடு தட்டியிருக்கிறார். கருவி அதை 5 என்று எடுத்துக்கொண்டது. இன்னொரு இடத்தில் கட்டத்தைக் காலியாக விட்டுச் சேமித்ததும் கருவி ஊர ஆரம்பித்துவிட்டது. டிரைவரை எழுதிக்கொடுத்த ஒப்பந்தக்காரர், ‘திரையில் எண்ணைத் தவிர வேறெதுவும் தட்ட முடியாதபடி செய்துவிடுகிறேன், கர்னலில் கை வைக்க வேண்டாம்’ என்கிறார். அதற்குத் தனியாகப் பணமும் கேட்கிறார். நான் மெக்கானிக்கல் படித்தவன். அவர் சொல்வது சரிதானா? டிரைவரின் நிரலை இணைத்திருக்கிறேன்.

பதில்: சரியில்லை. திரையில் தடுப்பது நல்லதுதான், செய்யட்டும். ஆனால் அந்தக் கோப்பில் திரை மட்டுமா எழுதுகிறது? சர்வீஸுக்கு வருபவர் லேப்டாப்பைச் செருகி நேரே எழுதுவார். அடுத்த வருடம் நீங்களே ஒரு கைப்பேசிச் செயலியைச் சேர்ப்பீர்கள், அதுவும் எழுதும். கருவியை இணையத்தில் இணைத்திருந்தால் அழையாமல் நுழைந்தவனும் எழுதலாம். யார் எழுதினாலும் கடைசியில் அந்த எழுத்துகளை எண்ணாக மாற்றுவது டிரைவர்தான். ஆகவே ‘இது எண்ணே இல்லை’ என்று மறுக்கவேண்டியதும் அதுதான். சாதாரண நிரல் தடுக்கி விழுந்தால் அதை மூடிவிட்டு மறுபடி திறக்கலாம். கர்னல் விழுந்தால் குளிர் அறையில் இருக்கும் சரக்கு உங்கள் கணக்கில் வரும்.

உங்கள் நிரலில் எழுத்தை எண்ணாக்க ‘சிம்பிள்-எஸ்டிஆர்-டு-யூஎல்’ (simple_strtoul) என்ற பழைய செயற்கூறு (ஃபங்ஷன்) இருக்கிறது. தெரிந்தவரை வாசித்துவிட்டு, தெரியாத எழுத்து வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு ‘முடித்துவிட்டேன்’ என்று தலையாட்டும் மாணவனைப் போன்றது அது. 5,000-இல் காற்புள்ளியோடு நின்றுவிடும், கிடைப்பது 5. நம் ஊர் வழக்கப்படி 1,00,000 என்று எழுதினால் கிடைப்பது 1. காலியாக விட்டால் 0. எங்கே நின்றேன் என்று அது சொல்லத்தான் செய்கிறது. உங்கள் ஒப்பந்தக்காரர் அதைக் கேட்கவே இல்லை, அந்த இடத்தில் ‘நல்’ (NULL), அதாவது ‘எனக்குச் சொல்ல வேண்டாம்’ என்று கொடுத்துவிட்டார். எண் அளவுக்கு மீறிப் பெரிதாக இருந்தாலும் அது வாய் திறக்காது. உங்கள் டிரைவரில் அந்த எண்ணுக்கு ஒதுக்கியிருப்பது 32 பிட், அதில் 4294967295 வரைதான் கொள்ளும். 4294967296 என்று தட்டிப் பாருங்கள், 0 வந்து உட்காரும். ஓர் அளவுக்கும் அடுத்ததற்கும் நடுவே விடவேண்டிய இடைவேளை 0 என்று ஆனதும், அளக்கும் வேலை முடிந்த கணமே மறுபடி வரிசையில் சேர்கிறது, முடிகிறது, சேர்கிறது. பிராசஸரின் ஒரு கோர் முழுக்க அதற்கே போய்விடுகிறது. கருவி ஊர்ந்தது இதனால்தான்.

இந்தச் செயற்கூற்றுக்கு மாற்று 2011-லேயே கர்னலில் வந்துவிட்டது. லினக்ஸின் சொந்த ஆவணத்திலேயே பழையது ‘கைவிடப்பட்டவை’ பட்டியலில் இருக்கிறது. கர்னல் மூலநிரலோடு இலவசமாக வரும் ‘செக்பேட்ச்’ என்ற சோதனை நிரலை ஒருமுறை ஓட்டினால், பழசை விட்டுப் புதியதற்கு மாறு என்று அந்த வரியையே சுட்டிக்காட்டும். இத்தனைக்குப் பிறகும் பழையது ஏன் இன்னும் உலாவுகிறது? கல்லூரி புராஜெக்டை ரெடிமேடாக விற்கும் கடைகளும், எம்பெடட் பயிற்சி என்று பலகை மாட்டியவர்களும் ஏதோ ஒரு காலத்துப் பாடக்குறிப்பையே நகலெடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். வைவாவில் ஒரே ஒரு எண்ணைத் தட்டி, அது திரையில் வந்தால் மதிப்பெண். தவறான எண்ணைத் தட்டிப் பார்க்கும் தேர்வாளரைக் காண்பது அரிது. அந்தக் குறிப்போடு வெளியே வருபவர்தான் நாளை ஒப்பந்தக்காரர். நீங்கள் அவருக்குக் கொடுத்தது படிக்கத் தெரிந்த நிரலுக்கான விலை. மறுக்கவும் தெரிந்த நிரலை வாங்கியிருக்க வேண்டும்.

உங்கள் புரோகிராமரிடம் கேட்க வேண்டியது இதுதான். ‘கே-எஸ்டிஆர்-டு-யூஇன்ட்-ஃப்ரம்-யூசர்’ என்ற செயற்கூறு, கர்னலுக்கு வெளியே இருக்கும் பயனர் நிரலிடமிருந்து எழுத்துகளைப் பத்திரமாக நகலெடுத்து, எண்ணாக்கி, பிழை இருந்தால் சொல்லிவிடும். எண்ணாக இல்லாவிட்டால் மைனஸ் 22, கொள்ளளவுக்கு மேலே போனால் மைனஸ் 34, நகலெடுக்கவே முடியாவிட்டால் மைனஸ் 14. அந்தப் பிழையை அப்படியே திருப்பி அனுப்பச் சொல்லுங்கள், திரை அதைப் பார்த்து ‘தவறான எண்’ என்று காட்டட்டும். பிழை இல்லை என்றால், உங்கள் கருவிக்குப் பொருந்தும் எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 100-க்குக் கீழே, 60000-க்கு மேலே வேண்டாம் என்றால் அதற்கும் மறுப்புதான். எல்லை தாண்டிய எண்ணைச் சத்தமில்லாமல் எல்லைக்கு இழுத்து வைப்பதும் சிலருடைய வழக்கம். எனக்கு அது பிடிப்பதில்லை. தட்டியவர் 90000 ஓடுகிறது என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

எல்லாம் சரியாக முடிந்தால் டிரைவர் திருப்பித் தரவேண்டியது, வாங்கிய எழுத்துகளின் எண்ணிக்கை. எண்ணாக்கும் செயற்கூறு வெற்றிக்கு 0 தரும்; அவசரத்தில் அதையே திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். ‘ஒன்றும் எழுதப்படவில்லை போலிருக்கிறது’ என்று சில நிரல்கள் அதையே திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கும்.

எந்த அடியெண்ணில் (‘பேஸ்’) வாசிப்பது என்றும் அந்தச் செயற்கூறு கேட்கும். 10 என்று கொடுக்க வேண்டும். ‘0 கொடுத்தால் அதுவே கண்டுபிடித்துக்கொள்ளும்’ என்பார்கள், கண்டுபிடிக்கும்தான். முன்னால் பூஜ்யம் இருந்தால் பத்துக்குப் பதில் எட்டை அடியாகக் கொண்ட எண் என்று கண்டுபிடிக்கும். உங்கள் திரை நான்கு இலக்கம் நிரம்ப 0500 என்று அனுப்பினால், கர்னலுக்குள் அது 320.

இப்போது வழக்கமாக எல்லோரும் இடறும் இடம். புதிய செயற்கூறு கண்டிப்பானது. முனையத்தில் (டெர்மினல்) ‘எக்கோ’ கட்டளை எண்ணுக்குப் பின்னால் ஒரு வரிமுடிவைச் சேர்த்து அனுப்பும் என்பதால், அந்த ஒன்றை மட்டும் அது பொறுத்துக்கொள்ளும். ஒன்றே ஒன்று. இரண்டு இருந்தால் மறுப்பு. எண்ணுக்கு முன்னால் ஓர் இடைவெளி இருந்தால் மறுப்பு. அமைப்புக் கோப்பை விண்டோஸில் திருத்திக் கொண்டுவந்து போட்டால், வரி முடிவில் கண்ணுக்குத் தெரியாத இன்னோர் எழுத்து ஒட்டிக்கொண்டு வரும்; அதற்கும் மறுப்பு. திரையில் பார்த்தால் 5000 என்று சுத்தமாக இருக்கும், கர்னலோ 22 என்று கத்தும். இந்த இடத்தில்தான் ஒப்பந்தக்காரர், ‘பார்த்தீர்களா, புதியது வேலை செய்யவில்லை’ என்று பழையதைத் திரும்ப வைத்துவிட்டு அதற்கும் பில் போடுவார். விடாதீர்கள். முதலில் வந்திருக்கும் நீளம் நியாயமானதா, 32 எழுத்துக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு ‘மெம்டூப்-யூசர்-நல்’ கொண்டு கர்னலுக்குள் ஒரு நகல் எடுக்க வேண்டும். பயனர் அனுப்பும் எழுத்துகளின் முடிவில் ‘இத்தோடு முடிந்தது’ என்று காட்டும் பூஜ்ய பைட் இருக்கும் என்று நம்பக் கூடாது, இந்தச் செயற்கூறு அதைத் தானே வைத்துவிடும். நகலின் இரு ஓரங்களையும் ‘ஸ்ட்ரிம்’ கொண்டு சீவிவிட்டு, அதன் பிறகு ‘ஃப்ரம்-யூசர்’ இல்லாத ‘கே-எஸ்டிஆர்-டு-யூஇன்ட்’டிடம் கொடுக்கலாம். கடைசியில் நினைவகத்தை விடுவிக்கும்போது, சீவிய பின் கிடைத்த முகவரியைக் கொடுத்துவிடக் கூடாது. முதலில் வாங்கிய முகவரியைத்தான் கொடுக்க வேண்டும். முன்னால் ஓர் இடைவெளி இருந்திருந்தால் இரண்டும் வேறு வேறு. அது இல்லாத நாட்களிலெல்லாம் நிரல் ஒழுங்காக ஓடும், பிழை ஒளிந்துகொண்டே இருக்கும்.

காற்புள்ளியையும் ஏற்றுக்கொள்ளட்டுமே என்று கேட்பீர்கள். வேண்டாம். அதை நீக்குவது திரையின் வேலை. 2.5 போன்ற தசமமும் அப்படியே. மில்லிநொடியில் முழு எண்ணாகவே கேளுங்கள்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், நிரலில் பார்த்ததும் திடுக்கிட்டேன். எழுத்துகளை வாங்க 16 பைட் இடம் ஒதுக்கிவிட்டு, வருகிறதெல்லாம் எவ்வளவானாலும் அதற்குள் நகலெடுக்கிறார். 200 எழுத்து அனுப்பினால் பக்கத்து நினைவகத்தின் மேல் எழுதப் பார்க்கும். அந்தக் கோப்புக்குக் கொடுத்திருக்கும் அனுமதியோ 0666, அதாவது கருவியில் ஓடும் எந்த நிரலும் எழுதலாம். ‘சோதனைக்காக வைத்தேன்’ என்பார்.

கர்னலே மிகப் பழையதாக இருந்து புதிய செயற்கூறுகள் இல்லையென்றால்? சென்னை ரிச்சி தெருவில் மலிவாகக் கிடைக்கும் போர்டுகளோடு வரும் கர்னல்களில் இதையும் பார்க்கலாம். போர்டு தயாரித்தவர் ஒருமுறை ஒட்டிக் கொடுத்ததோடு சரி, அதன் பிறகு பாதுகாப்புத் திருத்தம் ஒன்றும் வராது. டெண்டரில் ஐஎஸ்ஓ சான்றிதழ் கேட்கிறார்கள், கர்னல் எந்த ஆண்டுடையது என்று ஒருவரும் கேட்பதில்லை. அப்படிப்பட்ட போர்டில் டிரைவரைத் திருத்திப் பயனில்லை, போர்டை மாற்றுங்கள்.

ஒப்பந்தக்காரருக்குப் பணம் கொடுப்பதற்கு முன், உங்கள் முன்னாலேயே முனையத்திலிருந்து அந்தக் கோப்பில் ஐந்தை எழுதிக் காட்டச் சொல்லுங்கள்: வெறும் வரிமுடிவு, 5,000, மைனஸ் 1, 4294967297, 0500. முதல் மூன்றுக்கும் 22, நான்காவதற்கு 34 வர வேண்டும். கடைசியை ஏற்றுக்கொண்டு, திரும்பப் படித்தால் 500 என்று காட்ட வேண்டும். ஒவ்வொரு மறுப்புக்குப் பிறகும் பழைய மதிப்பு மாறாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். மூலநிரலை உங்கள் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். லினக்ஸ் கர்னல் ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு உரிமத்தில் வருவது, கருவியை விற்கும் நீங்கள் வாடிக்கையாளர் கேட்டால் கர்னலின் மூலநிரலைக் கொடுக்கக் கடமைப்பட்டவர்.

ஏற்கெனவே விற்ற கருவிகளுக்கு, திருத்திய டிரைவர் போய்ச் சேரும்வரை, தொடங்கும்போது ஓடும் ஸ்கிரிப்டில் அந்தக் கோப்பின் அனுமதியை 0600 ஆக்கும், அதாவது உரிமையாளருக்கு மட்டும் திறக்கும் ஒரு வரியைச் சேர்த்து அனுப்புங்கள். திரை நிரல் ரூட்டாக (எல்லா அதிகாரமும் உள்ள கணக்கு) ஓடவில்லை என்றால் கோப்பின் உரிமையாளரையும் அதே ஸ்கிரிப்டில் மாற்ற வேண்டியிருக்கும்.