சொப்பு வீட்டு அப்பா

வணக்கம் அண்ணா,

என் மகளுக்குப் பத்து வயது. விடுமுறைக்கு வந்த அவள் மாமா லேப்டாப்பில் 'சிம்ஸ் 4' விளையாட்டைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனார். வீடு கட்டி, ஆட்களை உருவாக்கி, சோறு போட்டு, வேலைக்கு அனுப்பி வாழவைப்பது. முதலில் நல்லதாகத்தான் தெரிந்தது. அப்புறம் பார்த்தால் முத்தம், ஒரே படுக்கை எல்லாம் இருக்கிறது. ஒரு சொல்லைத் தட்டினால் பணம் கொட்டுகிறது. போன வாரம் எங்கள் மூவரையும் அதில் செய்து, அப்பாவை நீச்சல் குளத்தில் இறக்கி, சுற்றி வேலி போட்டுவிட்டாள். அது நீந்தி நீந்திக் களைத்துச் செத்தது. உடனே சேவ் செய்யாமல் மூடி, மறுபடி திறந்து ஆடுகிறாள். ஒரே மாலையில் மூன்று முறை இப்படி. இது அடிமைத்தனம் இல்லையா? நான் ஓசூரில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன், கூடவே இருந்து கண்காணிக்க முடியாது. 13 வயதுக்கு மேல் என்று போட்டிருக்கிறது. இது குழந்தைகளுக்கு ஏற்றதுதானா?

கிருஷ்ணகிரியிலிருந்து ஒரு வாசகர்
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்)

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றுதான் பாலக்கோடு பக்கம் எங்கள் பழைய தெருவைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். அங்கிருந்த புளியமரத்தை வெட்டிவிட்டார்கள். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

முதலில் அந்த 13. அது அமெரிக்கக் கணக்கு. ஐரோப்பாவின் பொது முத்திரை 12. ஜெர்மனிக்காரர்கள் 6 வயதே போதும் என்றார்கள். ரஷ்யாவில் 18, ஆணும் ஆணும் அதில் குடும்பம் நடத்தலாம் என்பதற்காக. விளையாட்டு ஒன்றுதான், பயம் ஊருக்கு ஊர் வேறு. முத்தத்தை விடுங்கள். அதில் எல்லாம் போர்வைக்குள் நடக்கிறது. நீங்கள் மூவரும் உட்கார்ந்து பார்க்கும் சீரியலைவிட இதில் அடக்கம் அதிகம். கொட்டும் பணமும் பொம்மைப் பணம். நிஜப் பணத்தைப் பற்றிக் கவலைப்படுங்கள். அடிப்படை விளையாட்டை 2022 அக்டோபரில் இலவசமாக்கிவிட்டார்கள். ஆனால் நாய் வளர்க்க வேண்டுமென்றால் தனிக் காசு, மழைக்காலம் வர வேண்டுமென்றால் அதற்கும் தனிக் காசு. லேப்டாப்பில் கார்டு எண் ஏதும் இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள்.

சரி, குளத்துக்கு வருவோம். உங்களை உறுத்துவது அதுதான், மற்றதெல்லாம் சுற்றி வளைத்தது.

இந்த விளையாட்டை முதலில் உருவாக்கியவர் வில் ரைட். 1991இல் ஓக்லாந்தில் பரவிய காட்டுத்தீயில் அவர் வீடு எரிந்துபோனது. ஒவ்வொரு சாமானாகத் திரும்ப வாங்கும்போது, ஒரு வீட்டுக்கு என்னதான் தேவை என்ற யோசனை அவரைப் பிடித்துக்கொண்டது. 2000இல் முதல் 'சிம்ஸ்' வந்தது. தொடக்கத்தில் அது வீடு கட்டும் விளையாட்டுதான். கட்டிய வீடு வாழ லாயக்கா என்று பார்க்கத்தான் உள்ளே மனிதர்களை விட்டார். வீடு தேறுகிறதா என்று ஆளை விட்டுப் பார்ப்பது. எனக்கு இது புதிதாகவே படவில்லை, நான் அப்படி விடப்பட்ட ஆள்.

எங்கள் தெருவில் சொப்பு விளையாடும் பெண்கள் ஆறேழு பேர். பையன் நான் ஒருத்தன். ஆகவே எப்போதும் நான்தான் அப்பா. கொட்டாங்குச்சியில் மண்ணைக் குழைத்துக் களி உருட்டுவார்கள், தழையைக் கிள்ளிக் கீரை கடைவார்கள். எனக்கு ஒரே வேலை. தெருவின் பெரிய பெண் மரத்தைக் காட்டி, "நீ அந்தப் பக்கம் போய் உக்காரு. பெங்களூருக்கு வேலைக்குப் போயிருக்கே. கூப்பிட்டாத்தான் வரணும்" என்பாள். புளியமரத்துக்குப் பின்னால் போய் உட்காருவேன். எதிரே எறும்புப் புற்று. இந்தப் பக்கம் சண்டை, சிரிப்பு, பிள்ளைக்குக் காய்ச்சல், எல்லாம் காதில் விழும். எட்டிப் பார்த்தால், "அப்பாவுக்கு இன்னும் லீவு வரலை" என்று மண்ணாங்கட்டி பறக்கும். மழை பொய்த்த வருடங்கள் அவை. தெருவின் ஆண்களில் பாதிப் பேர் பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தார்கள். அந்தப் பெண்களுக்குத் தெரிந்த அப்பா அப்படித்தான் இருந்தார், மரத்துக்குப் பின்னால். யாரும் வருத்தப்பட்டு விளையாடவில்லை. அடுப்பு எங்கே என்று முடிவு செய்கிற மாதிரி அப்பா எங்கே என்றும் முடிவு செய்தார்கள், அவ்வளவுதான். ஒருநாள் கூப்பிட மறந்து எல்லோரும் சாப்பிடப் போய்விட்டார்கள். இருட்டும்வரை நான் பெங்களூரிலேயே இருந்தேன்.

சிம்ஸிலும் அப்பா வேலைக்குப் போனால் திரையிலிருந்தே மறைந்துவிடுவார், கவனித்தீர்களா? ஷிப்ட் முடிந்து வந்ததும் பசி, தூக்கம், குளியல். உங்களுக்கே தெரிந்த கதைதான்.

உங்கள் மகள் ஏன் வேலி போட்டாள் என்று எனக்குத் தெரியாது. பத்து வயதில் நாங்கள் ஓணானைக் கல்லால் அடித்தோம், தும்பி வாலில் நூல் கட்டினோம். செத்த ஓணானுக்கு மறுபடி உயிர் வரவில்லை. உங்களுக்கு மூன்று முறை வந்திருக்கிறது. அதை நீங்கள் அடிமைத்தனம் என்று எழுதுகிறீர்கள். கொன்றது உங்கள் கண்ணில் பட்டது, சேவ் செய்யாமல் மூடியது எதற்காக என்று யோசிக்கவே இல்லை. ஒரு முழு மாலை பின்னால் நின்று எண்ணிக்கொண்டிருந்தவருக்கு, "ஏன்டா கண்ணு என்னைத் தண்ணியில விட்டே?" என்று ஒரு வாய் கேட்கத் தோன்றவில்லை. முன்பின் தெரியாத எனக்கு எழுதத் தோன்றியிருக்கிறது! ஷிப்ட் என்று சொல்லாதீர்கள். அன்று மாலை நீங்கள் வீட்டில்தான் இருந்தீர்கள். மூன்று முறை என்ற கணக்கு வேறு எப்படி வந்தது?

பிடுங்கி வைக்காதீர்கள். ஒரு மணி நேரம் என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள், உங்கள் மனைவியும் அதையே சொல்லட்டும். அடுத்த ஆஃப் நாளில் ஒரு நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்காருங்கள். அறிவுரை வேண்டாம், சும்மா உட்காருங்கள்.

அதில் ஒரு பெரியவரை உருவாக்க மூக்கு, தொப்பை, நடை என்று ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். அப்புறம் மூன்று குணங்கள். கோபக்காரர், சோம்பேறி, குடும்பத்தில் பிடிப்புள்ளவர் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். உங்களுக்கு அவள் எந்த மூன்றைக் கொடுத்திருக்கிறாள்? பார்த்துவிட்டு எழுதுங்கள்.