கழிவுநீர் வீட்டுக்குள் ஏறிவிட்டால், வாடை போனால் போதுமா?

கேள்வி: கீழ்த்தளக் குளியலறையின் தரைத் துளை வழியாகக் கழிவுநீர் பொங்கி, பக்கத்துப் படுக்கையறை வரை வந்துவிட்டது. ஒரு ராத்திரி முழுக்கக் கணுக்கால் அளவு நின்றது. அடைப்பை எடுத்துத் தண்ணீரை வாரிக் கொட்டிவிட்டு, பினாயில் போட்டு இரண்டு முறை துடைத்தோம். வாடையும் அநேகமாகப் போய்விட்டது. வீட்டில் தவழும் குழந்தை இருக்கிறது. இதற்கு மேலும் ஆள் வைத்துச் சுத்தம் செய்ய வேண்டுமா?

பதில்: ஆமாம், படுக்கையறைக்கு வேண்டும். குளியலறையை நீங்களே முடித்துக்கொள்ளலாம். குளியலறையில் தரையும் சுவரும் ஓடு பதித்தவை. அழுக்கு மேலேயே நிற்கும், தேய்த்துக் கழுவினால் போய்விடும். படுக்கையறையில் இருப்பதோ மரம், துணி, பஞ்சு, சுவர்ப்பூச்சு. அவை கழிவுநீரை உறிஞ்சிக்கொண்டுவிடும். உள்ளே இறங்கியதை மேலே தெளிக்கிற எந்த மருந்தாலும் எட்ட முடியாது.

நீர்ச்சேதத்தைச் சரிசெய்யும் தொழிலில் ஐஐசிஆர்சி எஸ்500 என்றொரு நெறிமுறை உண்டு. வீட்டுக்குள் புகும் தண்ணீரை அது மூன்று வகையாகப் பிரிக்கிறது. நல்ல தண்ணீர்க் குழாய் உடைந்து வருவது முதல் வகை. துணி துவைக்கும் இயந்திரத்திலிருந்து வழிவது இரண்டாவது. சாக்கடையிலிருந்து திரும்பி ஏறுவது மூன்றாவது, அதுதான் இருப்பதிலேயே மோசம். ஈ.கோலி, சால்மோனெல்லா, ஷிகெல்லா, ஹெபடைட்டிஸ் ஏ, நோரோவைரஸ், ஜியார்டியா, குடற்புழு முட்டைகள் என்று எது வேண்டுமானாலும் அதில் இருக்கலாம். எலி நடமாடும் சாக்கடை என்றால் எலிக்காய்ச்சல் கிருமியும் சேர்ந்துகொள்ளும். அது தோலில் இருக்கும் சின்னச் சிராய்ப்பு வழியாகவே உடம்புக்குள் போய்விடும். மற்றவை பெரும்பாலும் கையிலிருந்து வாய்க்குப் போகிறவை. தரையில் தவழ்ந்து அதே கையை வாயில் வைக்கும் குழந்தைக்கு ஆபத்து ஏன் அதிகம் என்று இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. அந்த அறை முடியும்வரை குழந்தையை அங்கே விடாதீர்கள். வயதானவர்கள், கர்ப்பிணிகள், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் இதேதான்.

வாடையை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். நோரோவைரஸ் காய்ந்த தரையில் வாடையே இல்லாமல் நாள்கணக்கில் தங்கியிருக்கும். பினாயிலின் வாசனை வேறு எல்லாவற்றையும் மூடிவிடும்.

பினாயில் ஊற்றித் துடைத்ததில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அழுக்கு இருக்கும்போதே கிருமிநாசினி போட்டால், அதன் சக்தி அழுக்கோடு வினைபுரிவதிலேயே தீர்ந்துவிடும்; குளோரினுக்கு இது ரொம்பவே பொருந்தும். அதனால் குளியலறையை இன்னொரு முறை வரிசையாகச் செய்யுங்கள். முதலில் சோப்புத்தூள் போட்டுத் தேய்த்துக் கழுவுங்கள். ஓடுகளின் இடுக்கு, கழிவறைப் பீங்கானின் அடிப்பாகம், கதவு நிலையின் கீழ்முனை எல்லாவற்றையும் தேயுங்கள். நல்ல தண்ணீர் விட்டு அலசிய பிறகு பிளீச். வீட்டு உபயோகத்துக்கான 5 சதவீத பிளீச் என்றால், ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலக்கலாம். ஊற்றியவுடன் துடைக்காமல் தரை 10 நிமிடமாவது ஈரமாகவே இருக்கட்டும், அப்புறம் அலசுங்கள். வாளித் தண்ணீரை அடிக்கடி மாற்றுங்கள். ஒரே வாளியில் முக்கி முக்கித் துடைத்தால் குளியலறை அழுக்கை வீடு முழுக்கப் பூசுகிறோம் என்றுதான் அர்த்தம். ரப்பர் கையுறை, பூட்ஸ், கண்ணாடி, முகக்கவசம் கட்டாயம். ஜன்னல் திறந்திருக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் செய்யவே கூடாது: பிளீச்சோடு கழிவறை கழுவும் ஆசிட்டைக் கலக்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். அம்மோனியா உள்ள திரவத்தோடு கலந்தாலும் நச்சு வாயுதான். இந்த பாட்டில்கள் எல்லாம் ஒரே அலமாரித் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால்தான் அவசரத்தில் இந்தத் தப்பு நடக்கிறது.

இப்போது படுக்கையறை. அலமாரியின் கீழ் இழுப்பறையை முழுதாக வெளியே எடுத்துவிட்டு, டார்ச் அடித்து அடிப்பலகையைப் பாருங்கள். மரத்தூள் பலகை என்றால் ஓரங்கள் உப்பி, மேலே ஒட்டிய தாள் வாய் பிளந்திருக்கும். விரலால் அழுத்தினால் மெத்தென்று உள்ளே போகும். அது இனி தேறாது. கழிவுநீர் பட்ட மெத்தை, தலையணை, தரைவிரிப்பு, சோபாவின் ஸ்பாஞ்ச், அட்டைப்பெட்டி, பஞ்சு பொம்மை இவையும் அப்படித்தான். வெயிலில் காயவைத்து எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். தூக்கிப்போட மனசு வராது, புரிகிறது, ஆனாலும் போட்டுவிடுங்கள். காப்பீடு இருந்தால் அதற்கு முன்பே படம் எடுத்து வையுங்கள். துணிகளைத் தனியாக வெந்நீரில் துவைத்து மீட்டுவிடலாம். கெட்டி மரச் சாமானும் பெரும்பாலும் தப்பிவிடும்.

சுவரைக் கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. தண்ணீர் கணுக்கால் அளவுதான் நின்றது என்றாலும், பூச்சு அதை உறிஞ்சி அதற்கு மேலும் ஏற்றியிருக்கும். 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காயாவிட்டால் பூஞ்சை பிடிக்கத் தொடங்கும். ஆள் வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான். வருகிறவர்கள் ஈரமானி வைத்துச் சுவரையும் தரையையும் அளக்க வேண்டும். ஊறிய பலகையையும் சுவரோரப் பட்டையையும் கழற்ற வேண்டும். மற்ற அறைகளுக்குப் பரவாதபடி பிளாஸ்டிக் விரிப்பால் மறைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும். கழுவிக் கிருமி நீக்கிய பிறகுதான் காற்றூதியும் ஈரம் உறிஞ்சும் இயந்திரமும். முதலிலேயே மின்விசிறியைப் போட்டால் அழுக்குத் துளி காற்றில் பறக்கும். பேசும்போதே இரண்டு கேள்வி கேளுங்கள்: எதையெல்லாம் அகற்றுவீர்கள்? காய்ந்துவிட்டது என்பதை எந்த அளவீட்டால் காட்டுவீர்கள்? மருந்து அடித்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதே பதிலாக இருந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

அடைப்புக்குக் காரணம் செப்டிக் டேங்க் என்று தெரியவந்தால், எந்தக் காரணத்துக்காகவும் யாரையும் அதற்குள் இறக்காதீர்கள், நீங்களும் எட்டிப் பார்க்காதீர்கள். உள்ளே தேங்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு குறைந்த அளவில் அழுகிய முட்டை போல நாறும். பத்து லட்சத்தில் 100 பங்கு அளவை எட்டும்போது மூக்கையே மரத்துப்போக வைக்கும். நாற்றம் நின்றுவிட்டது என்று நம்பி இறங்குகிறவர் மயங்கி விழ, காப்பாற்றப் போகிறவரும் விழுகிறார். இதுபோன்ற மூடிய இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கு மேற்பட்டோர் காப்பாற்றப் போனவர்களே என்று அமெரிக்காவின் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1986-ல் எச்சரித்தது. வெளியே நின்று குழாய் போட்டு உறிஞ்சும் வண்டிதான் வழி.

மறுபடி பொங்கினால், முதலில் வீட்டில் எல்லாக் குழாயையும் மூடுங்கள், மேல்மாடியிலும் ஃப்ளஷ் செய்ய வேண்டாம். மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். ஆனால் அதற்குத் தண்ணீரில் நடந்துதான் போக வேண்டும் என்றால் தொடாமல் மின்பணியாளரைக் கூப்பிடுங்கள். அடிக்கடி நடக்கிறது என்றால், வெளியே போகும் குழாயில் தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் வால்வு வைக்க முடியுமா என்று பிளம்பரிடம் கேளுங்கள்.

பக்கத்தில் கிணறோ தரைக்கடித் தொட்டியோ இருந்தால், தண்ணீரைப் பரிசோதித்து முடிவு வரும்வரை கொதிக்க வைத்தே குடியுங்கள். கொதி வந்த பிறகு ஒரு நிமிடமாவது கொதிக்கட்டும்.

சுத்தம் செய்தவர்களில் யாருக்காவது காலிலோ கையிலோ காயம் பட்டிருந்தால், கடைசி டெட்டனஸ் ஊசி போட்டு 5 வருடம் தாண்டிவிட்டதா என்று பார்த்து மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். வயிற்றுப்போக்கு, வாந்தி என்றால் பெரும்பாலும் சில நாளில் தெரிந்துவிடும். எலிக்காய்ச்சல் ஒன்றிரண்டு வாரம் கழித்துக் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியுமாக வரலாம். ஹெபடைட்டிஸ் ஏ 15 முதல் 50 நாள் வரை எடுத்துக்கொள்ளும். அவ்வளவு நாள் கழித்து வரும் காய்ச்சலையோ மஞ்சள் காமாலையையோ யாரும் இதோடு சேர்த்துப் பார்க்க மாட்டார்கள். மருத்துவர் கேட்காவிட்டாலும், வீட்டில் கழிவுநீர் ஏறிய தேதியை நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.