வீட்டை விற்றுவிட்டு கோவைக்குப் போகலாமா?

கேள்வி: நான் ஓய்வு பெற்ற அரசு மேல்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர். வயது 74, மனைவிக்கு 69. மன்னார்குடியில் சொந்த வீடு, விற்றால் 70 லட்சம் போகும். பென்ஷன் 52,000 ரூபாய். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 15 லட்சம், வங்கி டெபாசிட்டில் 23 லட்சம் இருக்கிறது. மகன் பெங்களூரில், மகள் நியூஜெர்சியில். வீட்டை விற்று, கோயம்புத்தூரில் ஒரு முதியோர் குடியிருப்பில் 65 லட்சத்துக்கு ஃபிளாட் வாங்கச் சொல்கிறான் மகன். இருவருக்கும் சாப்பாடு, பராமரிப்பு மாதம் 32,000. வாங்காமல் வாடகைக்கு இருந்தால் இன்னும் 22,000. எனக்கு ஊரை விட மனமில்லை. காலையில் ஹரித்ராநதித் தெப்பக்குளக் கரையில் நடை, அப்புறம் கோயில், வழியெல்லாம் பழைய மாணவர்கள். இங்கே 25,000க்குள் மாதம் ஓடிவிடுகிறது. முடியாமல் போனால் ஒரு ஆள் வைத்துக்கொள்ளலாமே? எது நல்லது?

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தின் அடியில் வேறு கையெழுத்தில், பென்சிலில் ஒரு வரி இருக்கிறது. "காலையில் எனக்கு யாராவது ஒரு காபி போட்டுக் கொடுத்தால் போதும்." அம்மா எழுதியதாகத்தான் இருக்க வேண்டும். கணக்கை அங்கிருந்தே தொடங்குகிறேன்.

25,000 ரூபாயில் மாதம் ஓடுகிறது என்கிறீர்கள். உண்மைதான். ஆனால் அந்தத் தொகையில் அம்மாவின் வேலைக்கு ஒரு ரூபாய்கூட இல்லை. மூன்று வேளைச் சமையல், பாத்திரம், மாவு அரைப்பது, உங்கள் மாத்திரையை எடுத்து வைப்பது எல்லாம் இலவசமாக நடக்கிறது. அவருக்கு முழங்கால் வலி வந்து ஒரு மாதம் உட்கார்ந்துவிட்டால் சமையலுக்கு ஓர் ஆள், மேல்வேலைக்கு ஓர் ஆள் வைக்க வேண்டும். இருவருக்கும் சேர்த்து 12,000 என்று போட்டுக்கொண்டேன். அப்போது வீட்டுச் செலவு 37,000.

"ஒரு ஆள் வைத்துக்கொள்ளலாம்" என்கிறீர்களே, அதையும் பார்த்துவிடுவோம். ஏஜென்சி மூலம் வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ளும் பெண்மணிக்கு 22,000 என்று வைத்தால் மொத்தம் 59,000. அவர் நோயாளியைக் கவனிப்பார், வீட்டுக்குச் சமைக்க மாட்டார். அவருக்கும் சேர்த்து உலை வைக்க வேண்டும். தீபாவளிக்கு ஊருக்குப் போனவர் திரும்பி வராவிட்டால் ஏஜென்சிக்கு மாற்றி மாற்றி போன் போடுவதும் அம்மாதான்.

குடியிருப்பில் வாடகையோடு 54,000. மருந்து, போன், போக்குவரத்துக்கு 12,000 சேர்த்தால் 66,000. இன்றைய நிலையில் சொந்த வீடுதான் மலிவு, அதை மறைக்கவில்லை. ஆள் வைக்க வேண்டிய நாள் வந்துவிட்டால் வித்தியாசம் 7,000 ரூபாய்தான். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன்: படுக்கையில் விழுந்தால் அங்கேயும் ஆளுக்குத் தனிப் பணம் கேட்பார்கள். அப்படி ஒருவர் படுத்துவிட்டால் அங்கேயே வைத்திருப்பார்களா, எவ்வளவு கேட்பார்கள் என்பதை எழுத்தில் வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

உங்களால் முடியுமா? முடியும். டெபாசிட்டில் உள்ள 23 லட்சத்தில் 15 லட்சத்தை எடுத்து, அம்மா பெயரில் தனியாக மூத்த குடிமக்கள் சேமிப்புக் கணக்கு தொடங்குங்கள். ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். 8.2 சதவீத வட்டியில் 15 லட்சத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 30,750 ரூபாய் வரும். இருவர் கணக்கும் சேர்ந்தால் மாதத்துக்கு 20,500 ஆகிறது. பென்ஷனோடு 72,500. மீதி 8 லட்சம் அவசரத்துக்கு வங்கியிலேயே இருக்கட்டும். அம்மா கணக்கின் வட்டியை உங்கள் வருமானத்தோடுதான் சேர்ப்பார்கள். சேர்த்தாலும் புதிய வரி முறையில் 12 லட்சத்துக்குள் இருப்பதால் வரி வராது.

இனி சொல்லப்போவதைப் படிக்கச் சங்கடமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பிறகு அம்மாவுக்குக் கிடைப்பது குடும்ப ஓய்வூதியம். கடைசிச் சம்பளத்தில் 50 சதவீதமாக இருந்தது 30 சதவீதமாகிவிடும். 52,000 வாங்கிய வீட்டில் சுமார் 31,000 வரும். ஆகவே எந்த முடிவெடுத்தாலும் அம்மா தனியாக இருக்கும் காலத்தை வைத்தே எடுங்கள். என் பெரியம்மாவுக்கு அப்படி யாரும் கணக்குப் போட்டு வைக்கவில்லை. பெரியப்பா போன மூன்றாவது மாதம் வீட்டை வந்த விலைக்கு விற்றார்கள். 79 வயதில், முன்பின் தெரியாத ஓர் அறையில், பித்தளைக் காபி ஃபில்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த அறையில் அடுப்பு கிடையாது. புதிய இடத்தில் பழகவும் சிநேகிதம் பிடிக்கவும் உடம்பில் தெம்பு இருக்கும்போதே போக வேண்டும். அறுபதுகளின் கடைசியில் இருக்கும் அம்மாவுக்கு இது நல்ல நேரம்.

அதற்காக வீட்டை விற்கச் சொல்லவில்லை. 65 லட்சத்துக்கு ஃபிளாட் வாங்குவதையும் நான் ஏற்கவில்லை. பல குடியிருப்புகளில் குறிப்பிட்ட வயது தாண்டியவர்கள்தான் தங்கலாம். நாளைக்கு ஃபிளாட் உங்கள் மகனுக்கு வந்தாலும் அவர் அதில் குடியிருக்க முடியாது, விற்கப் போனால் வாங்க ஆள் குறைவு. வாடகைக்குப் போனால் பிடிக்காத இடத்தை விட்டு வரலாம். முன்பணம் எவ்வளவு, கிளம்பினால் எத்தனை நாளில் எவ்வளவு பிடித்துக்கொண்டு தருவார்கள், கடந்த 5 வருடத்தில் மாதக் கட்டணத்தை எவ்வளவு ஏற்றினார்கள் என்று கேளுங்கள். பதிலை வாய் வார்த்தையாக வாங்காதீர்கள்.

மன்னார்குடி வீடு உங்கள் கடைசிக் காப்பு. நாளை அம்மா தனியாக, சின்ன ஃபிளாட்டுக்கு மாறி, துணைக்கு ஆளும் வைத்துக்கொண்டு வாழ வேண்டி வந்தால் மாதம் 65,000 ஆகலாம். குடும்ப ஓய்வூதியமும் வட்டியும் சேர்ந்து 51,500 தேறும். வீட்டு வாடகை 9,000 வந்தாலும் கொஞ்சம் துண்டு விழும். அன்றைக்கு விற்க ஒரு வீடு இருக்க வேண்டும். அதனால் இப்போதே மகன் பெயருக்குத் தான செட்டில்மென்ட் எழுதாதீர்கள். உயில் எழுதிப் பதிவு செய்யுங்கள், போதும். ஏற்கெனவே எழுதிக் கொடுத்திருந்தால், "எங்களைப் பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனை பத்திரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். 2007ஆம் ஆண்டு பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, அந்த நிபந்தனை மீறப்பட்டால் பத்திரத்தை ரத்து செய்ய வழி தருகிறது. உங்கள் மகனைச் சந்தேகப்பட்டு இதைச் சொல்லவில்லை. எல்லோருக்கும் சொல்வதுதான்.

மருத்துவக் காப்பீடு பற்றி நீங்கள் கேட்கவில்லை. பென்ஷனில் பிடிக்கும் காப்பீடு ஆஸ்பத்திரிச் செலவுக்குத்தான், வீட்டில் பார்த்துக்கொள்ளும் ஆளின் சம்பளத்துக்கு அதில் இடமில்லை. கோவையில் எந்தெந்த மருத்துவமனைகள் அந்தப் பட்டியலில் உள்ளன என்று பார்த்து வையுங்கள். வாழ்நாள் சான்றிதழை டிஜிட்டலாக எங்கிருந்தும் கொடுக்கலாம், அதற்காக ஊரில் இருக்கத் தேவையில்லை. இன்னொன்று, ஓய்வூதியப் புத்தகத்தில் அம்மாவின் பெயரும் பிறந்த தேதியும் ஆதாரில் இருப்பதுபோலவே இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். ஒரு எழுத்துப் பிழையை நீங்கள் இருக்கும்போது திருத்துவது சுலபம். அம்மா தனியாக அலைந்து திருத்துவது மிகவும் கஷ்டம்.

ஹரித்ராநதிக் கரையை நான் அலட்சியமாக நினைக்கவில்லை, ஐயா. தெருவில் போனால் "சார், நல்லா இருக்கீங்களா" என்று சைக்கிளை விட்டு இறங்கும் மாணவரைக் கோவையில் யாரும் உங்களுக்குத் தர மாட்டார்கள். அதனால் இப்படிச் செய்து பாருங்கள். தை மாதம் அந்தக் குடியிருப்பில் விருந்தினராக ஒரு மாதம் தங்க இடம் கேளுங்கள். போகும் முன் இங்கே குளியலறையில் கைப்பிடி பொருத்திவிடுங்கள், எங்கே இருந்தாலும் அது வேண்டும். அங்கே அம்மா காலையில் அடுப்படிக்குப் போகாமல் உட்கார்ந்து காபி குடிக்கட்டும். மாதம் முடிந்ததும் இருவரும் தனித்தனிக் காகிதத்தில், ஒருவர் எழுதியதை ஒருவர் பார்க்காமல், அடுத்த வருடம் எங்கே இருக்க விருப்பம் என்று எழுதுங்கள். அதற்குப் பிறகு மகனோடு பேசலாம். அதுவரை வீட்டை யாருக்கும் வாடகைக்கு விடாதீர்கள். எப்படியும் பங்குனியில் கோயிலின் வெண்ணெய்த்தாழி உற்சவத்துக்கு நீங்கள் ஊரில் இருக்க வேண்டுமே.