சிப்பி வைத்துக் கடல் மாசை அளப்பது: கேட்டவற்றுக்குப் பதில்

தண்ணீரை ஒரு போத்தலில் எடுத்துச் சோதித்தால் போதாதா? சிப்பி எதற்கு?
போத்தலில் அகப்படுவது அந்த நிமிடத்துத் தண்ணீர் மட்டும். களனி கங்கை முகத்துவாரத்தில் மழைக்கு முன் ஒரு கணக்கு வரும், பின் வேறு கணக்கு வரும். சிப்பி பாறையை விட்டு அசையாமல் இரவு பகலாகத் தண்ணீரை வடித்துத் தின்பதால், தண்ணீரில் கருவிக்குச் சிக்காத கட்மியம் என்ற நச்சு உலோகம்கூட அதன் சதையில் வாரக்கணக்கில் சேர்ந்து அளக்கிற அளவுக்கு வந்துவிடும். மீன் இதற்குச் சரிவராது, இன்றைக்கு மட்டக்குளி, நாளைக்கு நீர்கொழும்பு. அதோடு எண்ணெயிலிருந்து வரும் நச்சுகளில் சிலதை மீனின் ஈரல் உடைத்துவிடும், சிப்பிக்கு அந்தத் திறமை குறைவு. கோல்ட்பேர்க் என்ற விஞ்ஞானி 1975இல் இந்த யோசனையை முன்வைத்தார், அமெரிக்காவில் 1986இலிருந்து அரசே தொடர்ந்து செய்கிறது.

ஒன்று மட்டும் கவனம்: எல்லாம் ஒரே அளவுச் சிப்பியாக இருக்க வேண்டும்.

வெள்ளவத்தை வாய்க்கால் பக்கம் எடுத்த சிப்பியைச் சாப்பிடலாமா?
வேண்டாம்.

நன்றாக அவித்தால்?
கிருமி சாகும். ஈயத்தை எப்படி அவிப்பீர்கள்?

சிப்பி உயிரோடு இருந்தாலே தண்ணீர் சுத்தம்தானே அண்ணா?
தலைகீழ், தம்பி. அழுக்கில் சாகாமல் அதைச் சுமந்துகொண்டு இருப்பதால்தான் அதைத் தெரிவு செய்கிறோம்.

அப்படியென்றால் வாய்க்காலில் ஆயிரக்கணக்கில் விட்டால் அது சுத்தமாகுமே?
விடமாட்டீர்கள் போல. கலங்கலை வடிக்கும், உண்மை. ஆனால் உலோகம் எங்கும் மறைவதில்லை, சதைக்குள் போகிறது. அறுவடை செய்து அப்புறப்படுத்தாவிட்டால் செத்தபின் அதே சேற்றுக்குத் திரும்பும். வாய்க்காலில் உப்பு குறைந்தால் கடல் சிப்பி அதற்கு முன்பே செத்துவிடும். அதற்குப் பிறகும் கழிவு விழுந்துகொண்டேதான் இருக்கும், அதை நிறுத்துவது பற்றி ஏன் ஒருவரும் கேட்கவில்லை?

கல்கிசையில் ஒய்ஸ்டர், திருகோணமலையில் பச்சைச் சிப்பி எடுத்து ஒப்பிடலாமா அண்ணா? (பல்கலைக்கழக மாணவி)
நல்ல கேள்வி, ஆனால் கூடாது. ஒய்ஸ்டர் செம்பையும் நாகத்தையும் (துத்தநாகம்) அள்ளிச் சேர்க்கும், பச்சைச் சிப்பி நாகத்தை ஓரளவு கட்டுப்படுத்தும். கல்கிசை மோசம் என்று தவறாக எழுதிவிடுவீர்கள். இரண்டு இடத்திலும் ஒரே இனம், ஒரே பருவம், ஒரே அளவு. முட்டை விட்டதும் சதை எடை குறைந்து கணக்கு மாறும். சோதனைக்கு முன் சுத்தமான கடல்நீரில் ஒரு நாள் விடுங்கள், இல்லாவிட்டால் குடலில் கிடக்கும் மண்ணில் உள்ள உலோகமும் சதையின் கணக்கில் சேர்ந்துவிடும்.

எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பலின் பிளாஸ்டிக் மணிகளை இதில் பார்க்கலாமா?
2021இல் கரையொதுங்கிய மணிகள் சிப்பி விழுங்கப் பெரியவை. அவை உடைந்து வரும் துகள்களையும், கப்பல் எரிந்ததில் வந்த நச்சுகளையும் பார்க்கலாம்.

பாணந்துறைச் சிப்பி சாப்பிடலாமா?
மேலே இரண்டாவது பதில். ஊர் மாறினாலும் கழிவு விழும் இடத்துக்கு அதே பதில்தான்.