தாடி ஐரிஸ் கலப்பினங்கள்: ஒன்ராறியோத் தோட்டக்காரர்களுக்குக் கேள்வி பதில்
(தாடி ஐரிஸ்: தொங்கும் இதழ்களின் மேல் தாடிபோல் மயிர்க்கற்றை உள்ள, கிழங்கிலிருந்து வளரும் பூச்செடி.)

கேள்வி (ஸ்கார்பரோ): மூன்று ஆண்டுகளாக இலை மட்டும் வருகிறது, பூக்கவில்லை.
பதில்: கிழங்கை ஆழமாகப் புதைத்திருப்பீர்கள். அதன் முதுகு வெயிலில் தெரிய வேண்டும். ஆகஸ்டில் தோண்டி மேலாக நடுங்கள்.

கேள்வி (மார்க்கம்): பெயரில்லாத என் செடி 55 செ.மீ. உயரம். 41 முதல் 70 செ.மீ. வரை இடைநிலைத் தாடி ஐரிஸ் என்று வகைப்பாட்டு அட்டவணை சொல்கிறது. ஆகவே அதுதானே?
பதில்: அதே உயரத்தில் ‘பார்டர்’ வகையும் இருப்பதால், அளவுகோலை மட்டும் நம்பி முடிவு செய்ய இயலாது. வேறுபாடு பிறப்பில்தான்: 48 குரோமோசோம் உள்ள நெட்டை ஐரிஸையும் 32 உள்ள ஐரிஸ் பூமிலா என்ற குள்ளக் காட்டினத்தையும் கலந்தால் 40 கொண்ட குட்டை ஐரிஸ் பிறக்கும். அது தன் இனத்துக்குள் நன்றாக விதை தரும். அந்தக் குட்டையை மீண்டும் நெட்டையோடு கலந்தால் 44 கொண்ட இடைநிலை பிறக்கிறது. ஜோடி சேராத குரோமோசோம்களால் அது பெரும்பாலும் மலடாகிவிடும். ‘பார்டர்’ வகையோ உயரம் குறைந்த நெட்டைதான். நெட்டையோடு சேர்ந்தே பூக்கும். இடைநிலை அதற்கு முன்பே பூத்துவிடும்.

கேள்வி (மார்க்கம், மீண்டும்): அமெரிக்க ஐரிஸ் சங்கத்தின் விதியில் உயரம்தானே முதலில் வருகிறது? நீங்கள் அதை மறுக்கிறீர்களா?
பதில்: மறுக்கவில்லை, ஐயா. உயரம் வாசலைக் காட்டும். எந்த அறை என்பதைப் பூக்கும் காலமும் பெற்றோரும்தான் சொல்லும். உங்கள் செடி எப்போது பூத்தது என்று இரண்டு கடிதங்களிலும் நீங்கள் எழுதவில்லையே! வரும் வசந்தத்தில் தேதியைக் குறித்து வையுங்கள்.

கேள்வி (சென்னை): மாடியில் வளர்க்கலாமா?
பதில்: குளிர்காலம் இல்லாத ஊரில் தாடி ஐரிஸ் பூக்காது. தாடியில்லாத வேறோர் ஐரிஸ் இனமான ஐரிஸ் டொமெஸ்டிகாவை முயன்று பாருங்கள்.

கேள்வி (பிராம்டன்): இலை செழிப்பாக இருக்கிறது, பூ மட்டும் இல்லை.
பதில்: முதல் பதிலைப் படியுங்கள். கிழங்கின் மேல் மரத்தூளும் போடாதீர்கள், அழுகிவிடும்.

கேள்வி (ஏஜாக்ஸ்): கையால் மகரந்தம் சேர்ப்பது எப்படி?
பதில்: மொட்டு விரியும் காலையிலேயே தொங்கும் இதழ்களைக் கிள்ளிவிட்டால் தேனீக்கு இறங்க இடமிராது. தந்தைச் செடியின் மகரந்தப்பையை இடுக்கியால் எடுத்து, சூல்தண்டுக் கிளையின் நுனிக்கருகே உதடுபோல் நிற்கும் விளிம்பில் தேயுங்கள். தாயின் பெயரை முதலில் எழுதிய அட்டையை உடனே கட்டுங்கள். நாளைக்கு என்று விட்டவற்றுக்கு என் தோட்டத்தில் இன்றும் பெயரில்லை. விதையை இலையுதிர் காலத்தில் வெளியிலேயே விதையுங்கள். பனியில் கிடந்து, வசந்தத்தில் முளைக்கும். முதல் பூவுக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும்.